ஏழு மூட்டை நெல்: உணவுப் பாதுகாப்பு என்பது என்ன?

எங்கள் வீடு கொருக்குப்பேட்டையில். அப்பாவின் தங்கை வாக்கப்பட்டுப் போனது பொன்னேரியைத் தாண்டி ஒரு கிராமத்துக்கு. கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயிலில் ஏறினால் எங்கள் ஸ்டேஷனிலேயே இறங்கிவிடலாம் என்பதால் அத்தைக்கு நாங்கள்தான் பட்டணம். வருஷத்தில் இரண்டு முறை தவறாமல் வருவார். தை அறுப்பு முடிந்ததும் வரும்போது தலையில் ஒரு மூட்டை இருக்கும். புது அரிசி, ஒரு பரங்கிக்காய், எங்களுக்கென்று முடிந்து வைத்த கொஞ்சம் வேர்க்கடலை. ஐப்பசி மழையில் வரும்போது பை மட்டும் இருக்கும், நான்காக மடித்து, காலியாக. சாப்பிட்டு, ஊர்க்கதை எல்லாம் பேசி, கிளம்புகிற நேரத்தில் அம்மாவைச் சமையல்கட்டுப் பக்கம் கூப்பிட்டு மெதுவாகக் கேட்பார்: "அண்ணி, கார்டு அரிசி மிச்சம் இருந்தா ஒரு அஞ்சு கிலோ குடுங்க."

அம்மா பத்து கிலோவாகப் போட்டுக் கொடுப்பார். அத்தை அதை இடுப்பில் வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடப்பார்.

எனக்கு அப்போது எட்டு வயதோ ஒன்பது வயதோ. ஒரு ஏக்கரில் நெல் விளைவிக்கிறவர், ஒரு சாண் நிலம் இல்லாத எங்களிடம் வந்து அரிசி கேட்கிறாரே என்று குழம்பிப் போவேன். அந்தக் குழப்பத்துக்கான விடை பல வருஷம் கழித்துத்தான் கிடைத்தது. "உணவுப் பாதுகாப்பு" என்ற ஒரு சொல்லுக்குள் அது இருந்தது.

இந்தச் சொல்லில் முதலிலேயே ஒரு சிக்கலை அவிழ்த்துவிட வேண்டும். ஓட்டலில் கெட்டுப்போன கறியைப் பிடித்து அழிக்கிறார்களே, அதுவும் உணவுப் பாதுகாப்புத் துறைதான். அது சாப்பாட்டில் கலப்படம், நஞ்சு இல்லாமல் பார்த்துக்கொள்வது. நான் இங்கே பேசப்போவது வேறு. ஒரு குடும்பத்துக்கு வருஷம் முழுக்க, எல்லா நாளும், போதுமான நல்ல சாப்பாடு நிச்சயமாகக் கிடைக்குமா என்பது. தமிழில் இரண்டுக்கும் ஒரே பெயர் அமைந்துவிட்டது. அதனாலேயே பலர் இந்த விஷயத்தைச் சரியாகக் கவனிப்பதில்லை என்று எனக்குத் தோன்றும்.

கஞ்சித் தொட்டி

எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் ஸ்டான்லி ஆஸ்பத்திரியைக் "கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி" என்பார்கள். ஏன் அந்தப் பெயர் என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. 1782-ல், பஞ்ச காலத்தில், பசியோடு பட்டணத்துக்கு ஓடிவந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கிய இடம் மணியக்காரர் சத்திரம். பிற்பாடு 1799-ல் அங்கே ஒரு மருந்தகமும் வந்தது. அதன் வழியில் வளர்ந்ததுதான் இன்றைய பெரிய ஆஸ்பத்திரி. அப்போது கஞ்சிக்கு நின்றவர்கள் யார்? பெரும்பாலும் சுற்றுவட்டாரத்துக் கிராமத்து ஆட்கள். ஏர் பிடித்தவர்கள், நாற்று நட்டவர்கள், களத்தில் நெல் அடித்தவர்கள்.

அடுத்த நூற்றாண்டில் தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானி முழுக்கப் பல லட்சம் பேர் செத்தார்கள். மழை பொய்த்தது உண்மைதான். ஆனால் தானியமே இல்லை என்று சொல்ல முடியாது. கப்பலில் வந்து இறங்கிய தானியம் சென்னைக் கடற்கரையில் மூட்டை மூட்டையாகக் கிடந்தது, காவலுக்கு ஆள் போட்டிருந்தார்கள். ரயிலும் இருந்தது, ராயபுரம் ஸ்டேஷன் 1856-லேயே திறந்தாகிவிட்டது. வண்டி இருந்தும், தானியம் இருந்தும், ஊர்க்காரனிடம் வாங்கக் காசில்லை. வயல் வேலை நின்றதும் கூலி நின்றது, கூலி நின்ற அதே நேரத்தில் விலை ஏறியது. நிவாரண வேலைக்குப் போன ஆணுக்கு அரசு ஒரு கட்டத்தில் கொடுத்தது நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோகூட இல்லை, 450 கிராம். அதைத் தின்றுவிட்டு நாள் முழுக்க மண் வெட்ட வேண்டும். பக்கிங்காம் கால்வாயில் கூவத்தையும் அடையாற்றையும் சேர்க்கும் துண்டு அப்படி வெட்டியதுதான். அதே கால்வாய்தான் எங்கள் பக்கம் கறுப்பாக ஓடுகிறது. அதைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு அந்த 450 கிராம் ஞாபகம் வரும்.

1943 வங்கப் பஞ்சத்தை ஆராய்ந்து அமர்த்தியா சென் சொன்னதும் இதைத்தான். அவர் 1998-ல் நோபல் பரிசு பெற்ற பொருளாதார அறிஞர். நாட்டில் உணவு இருப்பது ஒன்று. அதை வாங்கவோ விளைவிக்கவோ கேட்டுப் பெறவோ ஒரு மனிதருக்கு வழி இருப்பது வேறொன்று. குடோன் நிறைந்திருக்கும்போதே வயிறு காலியாக இருக்க முடியும்.

1996-ல் ரோம் நகரில் உலக நாடுகள் கூடி உணவுப் பாதுகாப்புக்கு ஒரு விளக்கம் எழுதின. எல்லா மக்களுக்கும், எல்லாக் காலத்திலும், சுறுசுறுப்பாக, ஆரோக்கியமாக வாழத் தேவையான அளவு சத்தான, பாதுகாப்பான உணவு கைக்கு எட்ட வேண்டும் என்பது அதன் சாரம். இதில் "எல்லாக் காலத்திலும்" என்ற சொல்லை அடிக்கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அத்தையின் ஐப்பசி அதற்குள்தான் இருக்கிறது.

நான்கு கேள்விகள்

இந்த விளக்கத்தைப் பிரித்துப் பார்க்க வழக்கமாக நான்கு பக்கங்களைச் சொல்வார்கள். கனமான கலைச்சொற்களை விட்டுவிட்டு வீட்டு மொழியிலேயே கேட்கலாம்.

ஊரில் பொருள் இருக்கிறதா? இது இருப்பு. இந்தியாவில் இன்று அரிசிக்கும் கோதுமைக்கும் பெரிய பஞ்சமில்லை. செங்குன்றம் பக்கம் போய் அரிசி மில்களின் வாசலில் நிற்கும் லாரி வரிசையைப் பார்த்தாலே தெரியும். இந்தப் பக்கத்துக் கேள்வியைப் பெரிய அளவில் நாம் கடந்துவிட்டோம்.

இருக்கிற பொருள் கைக்கு எட்டுகிறதா? கையில் பணம், ரேஷன் அட்டை, கடை இருக்கும் தூரம், கடன் கொடுக்க ஆள், எல்லாம் இதில் வரும். தமிழ்நாட்டில் இந்த விஷயத்தில் நாம் தலை நிமிர்ந்து சொல்லிக்கொள்ள நிறைய இருக்கிறது. 2011 ஜூன் மாதத்திலிருந்து அரிசி அட்டைக்கு அரிசி இலவசம். தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013-ல் வந்தது, தமிழ்நாடு அதை 2016 நவம்பரில் நடைமுறைப்படுத்தியது. அந்தச் சட்டப்படி முன்னுரிமைக் குடும்பத்தில் ஆளுக்கு மாதம் 5 கிலோ, மிகவும் ஏழைக் குடும்பங்களுக்கான அந்தியோதயா அட்டைக்குக் குடும்பத்துக்கு 35 கிலோ. இங்கே அரிசி அட்டைக்காரர்களை ஏழை, பணக்காரர் என்று பிரித்து வெட்டவில்லை. பள்ளியில் 1982-லிருந்து சத்துணவு, 2022 செப்டம்பரிலிருந்து தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலைச் சிற்றுண்டி. இதெல்லாம் இல்லாத ஊரில் அத்தை மாதிரிக் குடும்பங்கள் என்ன பாடுபடும் என்று நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

எட்டியது உடம்பில் ஒட்டுகிறதா? இது மூன்றாவது. வயிறு நிறைய வெள்ளைச் சோறும் கொஞ்சம் ரசமும் சாப்பிட்டால் பசி அடங்கும், ரத்தம் ஊறாது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை என்று தெரியவந்தது. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல்தான். அரிசிக்குக் குறைவில்லாத மாநிலத்தில் இந்த நிலை. பருப்பு, கீரை, முட்டை, மீன், பழம் இல்லாத தட்டு அது. தண்ணீர் சுத்தமில்லாவிட்டாலும், வயிற்றில் பூச்சி இருந்தாலும் சாப்பிட்டது வீண்.

ஒரு சின்ன விஷயத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ரேஷன் அரிசியைப் புடைக்கும்போது சில மணிகள் நிறம் மாறி, வழவழவென்று இருந்ததைப் பார்த்திருப்பீர்கள். "பிளாஸ்டிக் அரிசி" என்று எங்கள் தெருவிலேயே பலர் பொறுக்கித் தூக்கி எறிந்தார்கள். அவை இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 வைட்டமின் சேர்த்து அரிசி மாவில் செய்த செறிவூட்டிய மணிகள். எறிய வேண்டாம். கஞ்சி வடிக்காமல் அளந்த தண்ணீரில் வேகவைத்தால் சத்து அதிகம் தங்கும்.

நான்காவது கேள்விதான் அத்தையின் கேள்வி. இது நிலைக்குமா? இன்று இருப்பது நாளைக்கும், அடுத்த மாதமும், புயலடித்தாலும் இருக்குமா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். பொன்னேரி, மீஞ்சூர் பக்கம் பயிர் தண்ணீருக்குள் நின்றது. நாங்கள் நான்கு நாள் கஷ்டப்பட்டோம். அத்தை வீட்டில் அந்தப் புயல் அடுத்த தை வரை நீடித்தது.

பத்து மூட்டையும் பதினேழு மூட்டையும்

இப்போது கணக்குக்கு வருவோம். இதை அத்தையோடு உட்கார்ந்து நான் போட்ட கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு ஊர் எண்கள் மாறும், ஆனால் கணக்கின் போக்கு மாறாது.

அத்தை குடும்பம் குத்தகைக்கு எடுத்தது ஒரு ஏக்கர். சம்பா மட்டும்தான். பக்கத்தில் ஆழ்துளைக் கிணறு உள்ளவர்கள் நவரை, சொர்ணவாரி என்று இன்னும் இரண்டு போகம் பார்ப்பார்கள். அத்தை வயலுக்கு ஏரித் தண்ணீரை விட்டால் வேறு கதி இல்லை. (மீஞ்சூர்ப் பக்கம் பல கிணறுகளில் உப்புத் தண்ணீர்தான் வரும். சென்னையின் தாகத்துக்காகப் பல ஆண்டுகள் நிலத்தடி நீரை இறைத்ததில் கடல் உள்ளே புகுந்துவிட்டது. நாம் குடித்த தண்ணீரின் விலையை அவர்கள் கட்டுகிறார்கள்.)

நல்ல வருஷத்தில் 40 கிலோ மூட்டையாக 50 மூட்டை காணும், அதாவது 2,000 கிலோ நெல். குத்தகைக்கு 10 மூட்டை போகும். மீதி 40. உரக்கடை பாக்கி, அறுப்பு மெஷின் வாடகை, நடவுக்கு வாங்கிய கைமாத்து, பையனின் காலேஜ் ஃபீஸ். எல்லாரும் தை பிறந்ததும் வாசலுக்கு வருவார்கள். 30 மூட்டை களத்திலிருந்தே வண்டி ஏறிவிடும். வீட்டுக்குள் வருவது 10 மூட்டை.

பத்து மூட்டை என்றால் 400 கிலோ நெல். அரைத்தால் கிலோவுக்கு 650 கிராம் அரிசி என்று வைத்தால் 260 கிலோ. வீட்டில் ஐந்து பேர், நாளைக்கு 2 கிலோ அரிசி, மாதம் 60 கிலோ. ரேஷனில் 25 கிலோ வருகிறது. மீதி 35 கிலோ சொந்த நெல்லிலிருந்து. 260-ஐ 35-ஆல் வகுத்தால் ஏழரை மாதம்கூட வராது. தையில் எண்ண ஆரம்பித்தால் ஆவணி நடுவில் பானை தட்டிவிடும்.

ஆவணி, புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. அத்தை இவற்றைக் "கை காய்ஞ்ச மாசம்" என்பார். இதில் கொடுமை என்னவென்றால், சம்பா விதைப்பும் நடவும் களையெடுப்பும் இதே மாதங்களில்தான். உடம்பு அதிகமாக உழைக்கிற காலம், காசு வயலில் இறங்குகிற காலம், மழையில் வெளிக்கூலியும் இல்லாத காலம், அப்போதுதான் வீட்டில் நெல் இல்லை.

வருஷம் முழுக்கத் தேவையான அரிசி 420 கிலோ. அதற்கு 16 மூட்டைக்குச் சற்று மேல் நெல் வேண்டும். எலி, வண்டு தின்பதையும் சேர்த்தால் 17. இருப்பது 10. ஆக, அந்தக் குடும்பத்துக்கும் பசியில்லாத வருஷத்துக்கும் நடுவில் நிற்பது ஏழு மூட்டை. நாட்டின் மொத்த விளைச்சல் எத்தனை கோடி டன் என்று பேசுகிற கூட்டத்தில் இந்த ஏழு மூட்டை யார் கண்ணுக்கும் தெரியாது.

அந்த ஏழு மூட்டையைத் தையில் விற்றபோது என்ன கிடைத்தது? எல்லாரும் ஒரே நேரத்தில் அறுப்பதால் வியாபாரி சொன்னதுதான் விலை. கிலோ 20 ரூபாய் என்று வைத்தால் 280 கிலோவுக்கு 5,600 ரூபாய். அதே நெல்லின் அரிசியை, 182 கிலோவை, புரட்டாசிக்கு மேல் கடையில் கிலோ 50 என்று வாங்கினால் 9,100. அரவைக்கூலியைக் கழித்தாலும் தன் நெல்லையே மூவாயிரத்துக்கு மேல் கொடுத்துத் திரும்ப வாங்குகிறார். அதுவும் கையில் காசில்லாத நாளில், கடனுக்கு.

விவசாயி விற்கிறவர் என்றுதான் நாம் நினைக்கிறோம். ஆனால் சிறு விவசாயி தையில் விற்கிறவராகவும் ஐப்பசியில் வாங்குகிறவராகவும் இருப்பது சாதாரணம். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவின் நில உடைமைகளில் 86 விழுக்காடு இரண்டு ஹெக்டேருக்குக் கீழ். அரிசி விலை ஏறினால் இவர்களுக்கு லாபம் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட முடியாது. தையில் ஏறினால் நல்லது, ஐப்பசியில் ஏறினால் அடி.

பசி வரிசையாக வரும்

பசி என்றால் நாம் எலும்பும் தோலுமான படத்தைத்தான் நினைக்கிறோம். அது கடைசிப் படி. அதற்கு முன்னால் வெளியாளுக்குத் தெரியாத பல படிகள் உண்டு. உலக உணவு வேளாண் அமைப்பு இதை அளக்க எட்டுக் கேள்விகள் வைத்திருக்கிறது. சாப்பாடு போதாமல் போய்விடுமோ என்று கவலைப்பட்டீர்களா என்பதில் தொடங்கி, ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தீர்களா என்பது வரை அது போகும். அந்தக் கேள்விகளைப் படித்தபோது அத்தை வீட்டைப் பார்த்தது போலவே இருந்தது.

முதலில் மீன் நிற்கும். பழவேற்காட்டு மீன்காரி வாசலில் குரல் கொடுத்தால் "இன்னைக்கு வேணாம்மா" என்பார்கள். அப்புறம் வாங்கும் பால் கால் லிட்டராகும், டீ கடுங்காப்பியாகும். பருப்புக் குழம்பு வாரம் நான்கு நாளிலிருந்து ஒரு நாளாகும், புளிக்குழம்பும் ஊறுகாயும் மற்ற நாட்களை நிரப்பும். அதுவரை பிள்ளைகளுக்குக்கூடத் தெரியாது. அடுத்து அத்தையின் தட்டு. "நான் அப்பவே சாப்ட்டேன்" என்று சொல்லிவிட்டு அடிச்சட்டியில் தண்ணீர் ஊற்றிக் குடித்துவிடுவார். மாமாவுக்குத் தெரியுமா தெரியாதா என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை. அதற்கும் அடுத்த படியில் தோடு அடகுக் கடைக்குப் போகும், பிறகு ஆடு சந்தைக்குப் போகும். ஆடு போய்விட்டால் அடுத்த வருஷத்துக் குட்டியும் போயிற்று. ஒரு வருஷத்துப் பசி அடுத்த வருஷத்து வருமானத்தையும் சேர்த்துத் தின்பது இப்படித்தான்.

உதவி எந்தப் படியில் வந்து சேர்கிறது என்பது முக்கியம். ஆட்டை விற்பதற்கு முன்னால் கிடைக்கும் இரண்டாயிரம் ரூபாய், விற்ற பின்னால் கிடைக்கும் ஐயாயிரத்தைவிடப் பெரிது.

அப்படியானால் என்ன செய்வது

எனக்குப் பட்டதை, அத்தை ஊரில் நடந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

முதல் வேலை, அந்த ஏழு மூட்டையைத் தையில் விற்காமல் காப்பாற்றுவது. "விற்காதே" என்று அறிவுரை சொல்வதில் பயனில்லை. கடன்காரர் வாசலில் நிற்கிறார். அவருக்குக் கொடுக்க வேறு காசு வேண்டும். மகளிர் குழுவில் அறுப்பு நேரத்துக்கென்று சின்னக் கடன் எடுக்க முடிந்தால் அது ஒரு வழி. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் விளைச்சலை இருப்பு வைத்து அதன் பேரில் பொருளீட்டுக் கடன் வாங்கலாம். நெல் நம்முடையதாகவே இருக்கும், விலை ஏறும்போது விற்றுக் கடனை அடைக்கலாம். சின்ன விவசாயிகளுக்கு இந்த வசதி தெரிவதே இல்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

விற்கிற நெல்லையாவது நல்ல விலைக்கு விற்க வேண்டும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 2025-26 பருவத்துக்கு அரசு அறிவித்த விலை சாதாரண ரகத்துக்குக் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய், சன்ன ரகத்துக்கு 2,545. கிலோ 25 ரூபாய்க்குக் குறையாது. ஆனால் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். மெஷினில் அறுத்த நெல் ஈரமாகத்தான் வரும். காயவைக்கக் களம் வேண்டும், மூடத் தார்ப்பாய் வேண்டும், முறை வரும்வரை காத்திருக்க மனத்தெம்பு வேண்டும். தார்ப்பாய் இல்லாத ஒரே காரணத்துக்காக வியாபாரியிடம் கிலோவுக்கு ஐந்து ரூபாய் விட்டுக்கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஊருக்கு ஒரு சிமென்ட் களமும் பத்துத் தார்ப்பாயும் போட்டால் எத்தனையோ வீட்டு ஐப்பசி தப்பிக்கும்.

வீட்டில் வைக்கிற நெல்லுக்கு இன்னும் நன்றாகக் காய வேண்டும். 14 விழுக்காட்டுக்குக் கீழே வந்தால்தான் பூஞ்சை பிடிக்காது. கருவி எதுவும் இல்லாமல் அத்தை பார்க்கும் விதம் இது: ஒரு பிடி நெல்லை எடுத்து, ஒரு மணியின் உமியை நகத்தால் உரித்து, கடைவாய்ப் பல்லில் வைத்துக் கடிப்பார். "நசுங்குச்சுன்னா இன்னும் ரெண்டு வெயில் வேணும். டக்குன்னு ஒடைஞ்சா சரி." பழைய வீடுகளில் இருந்த குதிரும் பத்தாயமும் இப்போது இல்லை. மூடி இறுகப் பொருந்தும் தகர டிரம் நல்லது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் உள்ளுறை கொண்ட சாக்கும் வந்திருக்கிறது. உள்ளே காற்று தீர்ந்ததும் வண்டு தானாகச் செத்துவிடும், மருந்து வைக்க வேண்டியதில்லை. சாக்கைத் தரையில் வைக்காமல் பலகை மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தாலே பாதி எலி குறையும்.

அடுத்தது தட்டு. அரிசி மட்டும் பன்னிரண்டு மாதம் இருந்தால் நான்காவது கேள்விக்குப் பதில் கிடைத்தது, மூன்றாவது அப்படியே நிற்கிறது. இதற்குப் பெரிய முதலீடு தேவையில்லை. சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், வயலில் ஈரம் இருக்கும்போதே பச்சைப்பயறோ உளுந்தோ தெளித்துவிட்டால், நெல் போன பிறகு மிச்ச ஈரத்தையும் பனியையும் குடித்து இரண்டு இரண்டரை மாதத்தில் காய்க்கும். அறுப்பு மெஷின் வந்த பிறகு அதன் சக்கரத்தில் முளை நசுங்குகிறது என்று பலர் விட்டுவிட்டார்கள். வரப்பில் ஊன்றுவதற்கு அந்தத் தொந்தரவு இல்லை. வருஷத்துக்கு இருபது கிலோ பயறு வீட்டிலேயே நின்றால் பருப்புக் குழம்பு ஒரு நாளாகச் சுருங்காது. பயறு வேர் மண்ணுக்கும் நல்லது.

கொல்லையில் ஒரு முருங்கை, ஒரு பப்பாளி, பாத்திரம் கழுவும் தண்ணீர் போகிற இடத்தில் கீரையும் வாழையும், கூரை மேல் சுரையோ பரங்கியோ. நான்கு நாட்டுக்கோழி. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். முருங்கைக் கீரையோடு எலுமிச்சையோ நெல்லியோ சேர்த்துச் சாப்பிட்டால் இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும், சாப்பிட்டதும் டீ குடித்தால் அது தடைபடும். சத்துணவில் பள்ளிப் பிள்ளைகளுக்கு முட்டை கிடைக்கிறது, சரி. பிள்ளையின் அம்மாவுக்கு யார் கொடுப்பார்? அந்தக் கோழிதான். அதனால் கோழி முட்டையை எல்லாம் கடைக்கு விற்றுவிடாதீர்கள் என்று அத்தையிடம் சண்டையே போட்டிருக்கிறேன்.

காசு யார் கையில் வருகிறது என்பதும் சாப்பாட்டை மாற்றுகிறது. 2023 செப்டம்பரிலிருந்து மகளிர் உரிமைத் தொகையாக மாதம் 1,000 ரூபாய் அத்தையின் வங்கிக் கணக்குக்கு வருகிறது. அது பருப்பாகவும் எண்ணெயாகவும் மாறி வீட்டுக்குள் வருவதை நான் கண்ணால் பார்க்கிறேன். ஊர் வேலைத் திட்டக் கூலியும் அப்படித்தான். ஆனால் கூலி எந்த மாதம் கிடைக்கிறது என்பதைக் கவனியுங்கள். ஆவணி, புரட்டாசியில், நடவுக்கு முன்னால் கிடைக்கும் வேலையும், கைக்கு உடனே வரும் கூலியும்தான் பானையைத் தொடும்.

கடைசியாக ஒரு பெரிய முடிச்சு இருக்கிறது, அதை அத்தையால் தனியாக அவிழ்க்க முடியாது. நிலம் வேறொருவர் பெயரில். நில ஆவணங்களான சிட்டாவும் அடங்கலும் அவர் பெயரில். கூட்டுறவுச் சங்கத்தில் தவணைக்குள் கட்டினால் வட்டியே இல்லாத பயிர்க்கடன் உண்டு, அத்தைக்கு அது எட்டுவதில்லை. ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் மத்திய அரசின் உதவித்தொகை நில உடைமையாளருக்குத்தான். பயிர்க் காப்பீட்டில் நெல்லுக்கு விவசாயி கட்ட வேண்டியது காப்பீட்டுத் தொகையில் 2 விழுக்காட்டுக்கு மேல் போகாது. அதற்கும் பயிர் செய்வது இவர்தான் என்று தாள் காட்ட வேண்டும். கொள்முதல் நிலையத்திலும் அதே தாள். வாய்வார்த்தைக் குத்தகையில் உழுகிறவருக்கு இந்தக் கதவுகள் எல்லாம் ஒரே பூட்டில் மாட்டியிருக்கின்றன. குத்தகை உரிமையைப் பதிவு செய்யத் தமிழ்நாட்டில் 1969-லேயே சட்டம் வந்துவிட்டது. பதிவு செய்தால் நிலம் கைவிட்டுப் போய்விடுமோ என்று உடைமையாளர் பயப்படுகிறார், கேட்டால் குத்தகையே போய்விடுமோ என்று அத்தை பயப்படுகிறார். உரிமை கோராத வகையில், இந்தப் பருவத்தில் இந்த வயலில் பயிர் செய்பவர் இவர் என்று மட்டும் சொல்லும் எளிய சான்று ஒன்று எல்லாக் குத்தகையாளருக்கும் தானாகக் கிடைக்க வேண்டும். உணவுப் பாதுகாப்புக்கு நான் ஒரே ஒரு மாற்றம் கேட்கலாம் என்றால் இதைத்தான் கேட்பேன்.

போன தையில் அத்தை 17 மூட்டையை எடுத்து வைத்தார். குழுவில் வாங்கிய கடன் உரக்கடைக்குப் போனது, நெல் தகர டிரம்களில் ஏறியது. ஆனியில் மாமாவுக்குக் காலில் புண் பெரிதாகி ஆஸ்பத்திரிச் செலவு வந்தது, இரண்டு மூட்டை அதற்குப் போயிற்று. ஐப்பசியில் வழக்கம்போல வந்தார். கையில் பை இருந்தது, அதில் ஒரு படி பச்சைப்பயறு இருந்தது. சமையல்கட்டில் அம்மா அரிசி டப்பாவைத் திறக்கப் போனபோது, "வேணாம் அண்ணி, கார்த்திகை வரைக்கும் ஓடும்" என்றார்.

மார்கழிக்கு என்ன செய்வீர்கள் என்று நான்தான் கேட்டேன்.

"கூரை மேல பரங்கிக்கா நாலு இருக்கும்மா. கோழி அடை வச்சிருக்கேன். குழுவுல ரெண்டாயிரம் சொல்லி வச்சிருக்கேன். அப்புறம் தைக்கு இன்னும் எத்தினி நாளு இருக்கு, சொல்லு" என்று கேட்டுக்கொண்டே பச்சைப்பயற்றை முறத்தில் கொட்டிக் கல் பொறுக்க உட்கார்ந்தார்.